பூஜ்யம் டிகிரிக்குத் தெர்மாமீட்டர் எதற்கு

சோதனைத் துண்டு கிடக்கும் குளிர்த் தொட்டியின் வெப்பநிலையைச் சான்று பெற்ற தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். துண்டு அந்தக் குளிரில் பத்து நிமிடமாவது ஊற வேண்டும். வெளியே எடுத்த ஐந்து வினாடிக்குள் அதை உடைத்துவிட வேண்டும். கப்பல் எஃகைச் சோதிக்கிறவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்க வேண்டிய விதி இது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பத்து நிமிடம் இருந்தது, ஐந்து வினாடி இருந்தது. தெர்மாமீட்டர் மட்டும் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் ஒரு தொழிற்சாலையில் பார்த்த புது இயந்திரம். பழைய ஆள் என்ற மரியாதைக்காக அழைத்துப்போய்க் காட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் தொட்டி தானே குளிர்கிறது, சிவப்பு எழுத்தில் டிகிரியைக் காட்டுகிறது, தவறு செய்தால் கத்துகிறது. அங்கிருந்த இளம் பொறியாளர், "உங்க காலத்துல எப்படி சார் குளிர வெச்சீங்க?" என்று கேட்டார். ஐஸ் வாங்கி வைத்தோம் என்றேன். சிரித்தார். பாவம், நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலோகவியல் படித்தேன். வடக்கே ஓர் எஃகு ஆலையில் பயிற்சி என்ற பெயரில் இரண்டு வருடம் சப்பாத்தி தின்றேன். அங்கே கற்றவை இரண்டு. சுடச்சுட வரும் தகட்டின் பக்கம் காட்டன் சட்டையோடுதான் போக வேண்டும். காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் அதில் ஏற்கெனவே யார் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அறுபதுகளின் கடைசியில் ஊர்ப்பக்கம் வேலை கிடைத்தது என்று ஓடிவந்தேன். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி, நெல் வயல்களுக்குள் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் ஒரு தொழிற்சாலை. கப்பல் கட்டும் தளங்களுக்குத் தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்து அனுப்புவோம். கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரந்தான், ஆனால் நாங்கள் செய்த எதுவும் அந்தக் கடலுக்குப் போனதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு வேலைதான் என்னை உத்தியோகஸ்தனாக்கியது. தெற்கே பனிக்கட்டி மிதக்கிற கடலில் மீன் பிடிக்கப் போகும் இரண்டு பெரிய படகுகளுக்கு அடித்தட்டும் பக்கத் தகடுகளும் செய்து தர வேண்டும். வரைபடத்தில் சில தகடுகளுக்கு மட்டும் நீலப் பென்சில் தீட்டி 'டி' என்று போட்டிருந்தது.

இந்த எழுத்துக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் எஃகில் ஏ, பி, டி, ஈ என்று தரங்கள் உண்டு. பலம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் குளிரில்தான் தெரியும். நமத்துப்போன அப்பளம் வளையும், பொரித்த அப்பளம் படீரென்று நொறுங்கும் இல்லையா? சாதாரண எஃகு சூட்டில் நமத்த அப்பளம், குளிரில் பொரித்த அப்பளம். நம் கடலில் ஒரு கீறல் விழுந்தால் அது விழுந்த இடத்தில் நிற்கும். பனிக்கடலில் அதே கீறல் கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நிற்காமல் ஓடும். எழுத்து மேலே போகப் போக எஃகு குளிருக்குப் பயப்படாது, விலையும் நமக்குப் பயப்படாது. ஆகவே முழுக் கப்பலையும் உயர்ந்த தரத்தில் கட்ட மாட்டார்கள். அடித்தட்டு பக்கத்தோடு சேர்ந்து வளையும் இடம், பக்கத் தகடுகளின் மேல் விளிம்பு, தடித்த தகடுகள் என்று கப்பல் அதிகம் திணறும் இடங்களைப் பார்த்து அங்கே மட்டும் டி. மற்ற இடத்துக்கு ஏ போதும்.

எங்கள் மானேஜருக்கு இது பிடிக்கவில்லை. கணக்குப் படித்துவிட்டுத் தொழிற்சாலை நடத்த வந்தவர். என்னைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாக வெளியே காட்டினார். கத்திரி வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. "இங்க மனுஷனே உருகுறான். குளிருக்கு இரும்பு எதுக்கு?" என்றார். படகு இங்கே ஓடாது என்று விளக்கினேன். எங்கே ஓடினாலும் செய்வது இங்கேதானே என்றார். அதற்கு எந்த விதிப்புத்தகத்திலும் பதில் இல்லை. ஆனாலும் டி தரத் தகடுகள் வந்தன. அதற்குக் காரணம் தெய்வசிகாமணி.

டி.எஸ். என்று நாங்கள் அழைத்த தெய்வசிகாமணிதான் தலைமை ஆய்வாளர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எதிராளி பேசி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இருக்கட்டும். பத்தி எண் என்ன?" என்பார். எந்த விதியின் எந்தப் பத்தியின்படி என்று அர்த்தம். பெரும்பாலோருக்கு விதியே தெரியாது, பத்திக்கு எங்கே போவார்கள்? மானேஜரும் பத்தி எண் இல்லாமல்தான் வந்திருந்தார். திரும்பிப் போய் டி தரத்துக்கு ஆர்டர் போட்டார்.

வந்த தகடுகளில் ஒரு தொகுதிக்கு ஒன்று வீதம் நாங்களும் சோதிக்க வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. தகட்டிலிருந்து விரல் நீளத்தில் துண்டு வெட்டி, நடுவில் காடி என்று ஒரு சிறு வெட்டுப் போட்டு, பூஜ்யம் டிகிரியில் ஊறவைத்து, ஊசல்போல ஆடி வரும் சுத்தியலால் ஒரே அடி. உடைக்கச் சுத்தியல் எவ்வளவு திணறியது என்று முள் காட்டும். நல்ல துண்டு மங்கலாகக் கிழிந்திருக்கும். கெட்டது கற்கண்டுபோல் பளபளவென்று உடைந்திருக்கும்.

அந்த ஐந்து வினாடி வேலை கன்னியப்பனுடையது. ஆய்வுக்கூட உதவியாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஸ்டாப் வாட்ச் அவருக்கு ஒத்துவராது. அத்திப்பட்டிலிருந்து தினமும் பாசஞ்சரில் வருகிறவர், தன் ஸ்டேஷன்களையே கடிகாரமாக்கிக்கொண்டார். இடுக்கியால் துண்டைத் தூக்கும்போது "பொன்னேரி" என்பார். அனுப்பம்பட்டு, மீஞ்சூர், நந்தியம்பாக்கம் என்று போய் அத்திப்பட்டு வருவதற்குள் துண்டு சுத்தியலடியில் உட்கார்ந்து உடைந்திருக்கும். ஸ்டாப் வாட்சை வைத்துச் சரிபார்த்தேன். ரயில் தாமதமாக வந்த நாளிலும் இது தாமதித்ததில்லை.

குளிர்ச் சோதனை நாள் எங்களுக்கு ஏறக்குறைய திருவிழா. பொன்னேரி ஐஸ் தொழிற்சாலையிலிருந்து மரத்தூள் போட்ட சாக்கில் ஒரு பார் வரும். பாதி தொட்டிக்கு, மீதி நன்னாரி சர்பத்துக்கு. அன்றைக்கு யாரும் லீவு எடுக்க மாட்டார்கள். வெல்டிங் ஷாப்பிலிருந்துகூட ஆய்வுக்கூடத்தில் சந்தேகம் கேட்க வருவார்கள். சந்தேகம் தீர்ந்ததும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள்.

தெர்மாமீட்டரின் கதைக்கு வருகிறேன். இருந்த ஒன்றை யாரோ கரண்டியாக எண்ணித் தொட்டியைக் கலக்கியதில் உடைந்தது. புதிது கேட்டு எழுதினோம். மூன்று கொட்டேஷன் இல்லை என்று திரும்பி வந்தது. டி.எஸ். இதற்காகச் சோதனையை நிறுத்தவில்லை. "உருகுற ஐஸ் பூஜ்யம்னு எட்டாம் கிளாஸ்லயே சொல்லித்தர்றான். அதுக்குத் தெர்மாமீட்டர் எதுக்குய்யா?" என்றார். பத்தி எண் கேட்கிற மனிதரே பத்தியை மீறியது அந்த ஒரு தடவைதான். இயற்பியல்படி அவர் சொன்னது முழுக்கச் சரி.

டி தரத் தகடுகளின் சோதனை ஒரு மின்வெட்டு வாரத்தில் நடந்தது. மூன்று துண்டு வைத்தோம், மூன்றும் கற்கண்டு. இன்னும் மூன்று வைத்தோம். அவையும் அப்படியே. சுத்தியல் துண்டு இருப்பதையே கவனிக்காததுபோல் ஆடிப் போனது. தகடு செய்து அனுப்பிய எஃகு ஆலையின் சான்றிதழோ இதே தகடு பூஜ்யத்தில் அருமையாகத் தேறியது என்கிறது.

மானேஜர் துப்பறிய ஆரம்பித்தார். பெரிய தகட்டை வெட்டும்போது ஆலையின் முத்திரை ஒரு துண்டில்தான் தங்கும். மற்ற துண்டுகளுக்கு அதே எண்ணைப் பொறித்து, வெள்ளைப் பெயிண்டில் வட்டம் போடுவது யார்டு சூப்பர்வைசரின் வேலை. சூப்பர்வைசர் மீரான் பாய். பழவேற்காட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் கருவாடு, கயிறு என்று வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் தராசைத் தொட மாட்டேன் என்று இரும்புக்கு வந்தவர். அவர் போட்ட வட்டத்தை யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை. அதுவே இப்போது அவருக்கு எதிராக நின்றது. சாதாரண ஏ தகட்டில் டி முத்திரையைக் குத்திவிட்டு, நிஜ டி தகடுகளைக் கழிவு லாரியில் வெளியே விற்றுவிட்டார் என்று மானேஜர் முடிவு கட்டினார். போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே வெளியே அனுப்பப் பார்த்தார்.

திருடன் என்று பெயர் வாங்கிய யார்டு ஆளுக்கு எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை ஒரு கேட்டும் திறக்காது. பாய்க்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவர் டி.எஸ். அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"சார், என் தம்பிங்க ரெண்டு பேரு கடல்ல கீறாங்க. கடலுக்குப் போற தகட்டுல நான் பொய் வட்டம் போடுவனா? லாபம் வோணும்னா எங்க ஊட்லயே கடை கீது சார்."

டி.எஸ். கண்ணாடியைத் துடைத்தார். பாய் போனபிறகு என்னிடம் ஒரு புத்தகத்தைத் தள்ளி, நிராகரித்த பொருள் பற்றிய பத்தியைத் தேடச் சொன்னார். இறுதி முடிவு வரும்வரை நிராகரிக்கப்பட்ட தகடுகள் தனியே வைக்கப்பட வேண்டும், அவற்றின் குறிகளை அடையாளம் காட்டக்கூடியவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. குறிகளை அடையாளம் காட்டக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். டி.எஸ். அந்தப் பத்தியின் எண்ணைப் போட்டு மானேஜருக்கு ஒரு வரி எழுதினார். திருடியதாகச் சொல்லப்பட்ட தகடுகளுக்கு, திருடியதாகச் சொல்லப்பட்டவரே காவல். யார்டு கோடியில், புங்க மரத்தடியில், தகடுகளுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் பாய் உட்கார்ந்தார். போகிற வருகிறவர்கள், "பாய், தகடு இன்னா சொல்து?" என்று கிண்டல் செய்தார்கள். "ஓடிப்புடலாமான்னு கேக்குது, நான்தான் வாணான்னு சொல்லி வச்சிருக்கேன்" என்பார். ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே கிண்டல் செய்ய மாட்டார்கள், விசாரிப்பார்கள். அதுதான் கஷ்டம் என்றார்.

அடுத்த குளிர்ச் சோதனை வேறு ஒரு வேலைக்காக வந்தது. மின்சாரம் திரும்பியிருந்தது, பொன்னேரி ஐஸ் வந்தது, சர்பத்தும் வந்தது. டி.எஸ். ஒரு வாய் குடித்தார். வழக்கமில்லாத வழக்கமாகப் பொதுப்படையாக ஒன்று கேட்டார்.

"போன தடவை ஏன் சர்பத் போடலை?"

கன்னியப்பன் சிரித்தார். "அத்த எப்டி சார் குடிக்கிறது? ஒரே எறா வாடை."

"ஐஸ்ல எப்படி இறால் வாடை வரும்?"

"கரண்டு இல்லன்னு பொன்னேரில ஐஸ் போடல சார். பழவேற்காட்டாண்ட என் மச்சான் எறா கம்பெனில கீறான், அங்க ஜெனரேட்டர் கீது. அங்கேர்ந்து ஒரு சாக்கு வாங்கினு வந்தேன். ஐஸு ஐஸுதான?"

டி.எஸ். டம்ளரைக் கீழே வைத்தார். இறால் மெட்ராஸ் போய்ச் சேரும்வரை விறைப்பாக இருக்க ஐஸை நொறுக்கி அதில் என்ன கலப்பார்கள் என்று நான் கேட்டேன்.

"கல்லுப்புதான் சார். அள்ளி அள்ளிப் போடுவானுங்கோ." எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், நான் எதுனா பேஜாராக்கிட்டேனா?"

உப்புப் போட்ட ஐஸும் உருகும். ஆனால் பூஜ்யத்தில் அல்ல, அதற்கு வெகு கீழே. குல்பி ஐஸ் விற்கிறவர்கள் எல்லோரும் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். டி தரம் பூஜ்யத்தில் தேற வேண்டும் என்றுதான் அன்றைய விதி. தகட்டை விதி கேட்காத குளிரில் போட்டு அடித்து, உடைந்துவிட்டதே என்று ஒரு மனிதரை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தோம்.

அன்றே பால் குளிரூட்டும் நிலையத்தில் ஒரு தெர்மாமீட்டர் கடன் வாங்கினேன். பாலுக்கு அரசு கொடுத்த மரியாதை எஃகுக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மச்சானின் கம்பெனி ஐஸை அதே தொட்டியில் கொட்டி உள்ளே விட்டதும் பாதரசம் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே போனது. பிறகு தொட்டியைக் கழுவி, நல்ல ஐஸ் நிரப்பி, பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்து, அதே தகடுகளின் மிச்சத்தில் மூன்று துண்டு உடைத்தோம். கன்னியப்பன் அத்திப்பட்டை அடையுமுன் மூன்றும் கிழிந்தன. மங்கலான, நாராகக் கிழிந்த, அழகான முறிவு. அன்றைய தினம் கற்கண்டு எங்கும் இல்லை.

ஆனால் இந்தச் சோதனை செல்லாது. ஒரு தடவை நிராகரித்ததை நாங்களாக மறுபடி சோதித்துப் பாஸ் போட முடியாது. கப்பலுக்குத் தரச்சான்று கொடுக்கும் சங்கத்தின் தலைமையகத்துக்கு எழுதி, முதல் சோதனை பழுது என்று நிரூபித்து, அவர்கள் ஒப்ப வேண்டும். கடிதத்தை வரையும் பொறுப்பு எனக்கு. இந்தக் கலையில் நான் கெட்டிக்காரன். 'தவிர்க்க இயலாத சூழ்நிலையில் வெப்பமானி கிடைக்கப்பெறாமையால், தொட்டியின் வெப்பநிலை நேரடியாக உறுதிசெய்யப்படாத நிலையில்' என்று ஆரம்பித்திருந்தேன். ஆங்கிலத்தில் அது இன்னும் நன்றாக இருந்தது. அந்த வாக்கியத்துக்குள் ஒரு மனிதர்கூட இல்லை.

டி.எஸ். படித்தார். பேனாவை எடுத்து முழு வாக்கியத்தையும் அடித்தார். மேலே சிறிய கையெழுத்தில், 'தொட்டியில் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. வைக்காமல் சோதிக்கச் சொன்னது நான்' என்று எழுதினார்.

"சார், சூழ்நிலைன்னு விட்டாலே போதும். அவங்க யாருன்னு கேக்க மாட்டாங்க" என்றேன்.

"அவங்க கேக்க மாட்டாங்க. மானேஜர் கேப்பார். யாரும் இல்லன்னா மறுபடி பாய்தான் அகப்படுவார். இல்ல, கன்னியப்பன்." கண்ணாடியைக் கழற்றவில்லை. "டைப் பண்ணிடுங்க."

அப்புறம் தொடங்கியது கடிதப் போக்குவரத்து. கடன் வாங்கிய தெர்மாமீட்டரின் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். பால் நிலையத்தின் சான்றிதழை நகலெடுத்து அனுப்பினோம். அதில் கொழுப்புச் சதவீதமும் இருந்தது. உப்பின் தரம் என்ன என்று கேட்டார்கள். இறால் தரம் என்று எழுத ஆசையாக இருந்தது, 'சமையல் கல்லுப்பு, நொறுக்காதது' என்று எழுதினேன். முன்பு செய்த குளிர்ச் சோதனைகளின் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பொன்னேரி ஐஸ் தொழிற்சாலையின் ரசீதுகளைக் கட்டி அனுப்பினோம். சர்பத்தும் உப்புக் கரிக்கவில்லை என்பது எங்களிடம் இருந்த மிக வலுவான சாட்சியம். அதைச் சேர்க்க டி.எஸ். சம்மதிக்கவில்லை.

ஒருவழியாகச் சங்கத்தின் சர்வேயர் ஒருவர் ரயிலேறி வந்தார். பாயைக் கூப்பிட்டு ஒவ்வொரு குறியையும் காட்டச் சொன்னார். பாய் காட்டினார். எந்தத் துண்டு எந்தத் தகட்டின் எந்த மூலை என்பதைத் தரையில் சாக்பீசால் வரைந்து, வெட்டு விளிம்புகளைப் பொருத்திக் காட்டினார். சர்வேயர் புன்னகைக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தானே நின்று புதுத் துண்டுகள் வெட்டவைத்து, தன் முத்திரையைக் குத்தி, ஒரு தகரப் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு போனார். தங்கள் கூடத்தில் உடைத்துப் பார்த்து எழுதுவார்களாம்.

எழுதவில்லை. மழைக்காலம் வந்தது. புங்க மரத்தடியில் தண்ணீர் நின்றது. பாய் ஸ்டூலைச் செங்கல்மேல் ஏற்றிப் போட்டுக்கொண்டார். தகடுகள் சிவந்தன. வாரத்துக்கு ஒரு தடவை கம்பிப் பிரஷ்ஷால் குறிகளை மட்டும் தேய்த்து, மேலே வட்டத்தைப் புதுப்பித்தார். மானேஜர் இரண்டு தடவை அவற்றைக் கழிவில் போட உத்தரவு அனுப்பினார். இரண்டு தடவையும் டி.எஸ். பத்தி எண் கேட்டார். மூன்றாவது தடவை மானேஜர் நேரில் வந்து, பதில் பாதகமாக வந்தால் பாயோடு சேர்த்து உங்களையும் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். "இருக்கட்டும்" என்றார் டி.எஸ். இந்தத் தடவை பத்தி எண் கேட்கவில்லை.

நான் பாயிடம் போய் ஆறுதலாக ஏதோ சொன்னேன். தலைமையகம் பெரிய இடம், கோப்பு மேஜை மேஜையாக நகரும் என்று.

"தகடு தேறிடும் தம்பி, அது எனக்குத் தெரியும்" என்றார். "நாலு பேரு முன்னால சொல்லணும். அதுக்குத்தான் குந்திக்கினு கீறேன்."

பதில் வந்த காலையில் தபால்காரர் கேட்டிலேயே கையெழுத்து வாங்கினார். டி.எஸ். உறையைப் பிரித்தார். யார்டுக்கு நடந்தார். நானும் கன்னியப்பனும் பின்னால் போனோம். வெட்டும் மேடையில் இருந்தவர்களையும் கிரேன் ஓட்டுநரையும் வரச் சொன்னார். மானேஜருக்கும் ஆள் அனுப்பினார். எல்லோரும் வந்து நின்றபின் முதல் பத்தியை ஆங்கிலத்தில் படித்து, தமிழிலும் சொன்னார். தகடுகள் டி தரமே. பூஜ்யத்தில் முழுமையாகத் தேறின. குறி மாற்றத்தில் எந்தத் தவறும் இல்லை. முன்னைய நிராகரிப்பு ரத்து. பாய் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. வாழ்க்கையில் முதல் தடவையாக டி.எஸ். சத்தமாகப் படித்தார்.

இரண்டாவது பத்தியை அவர் யாருக்கும் படிக்கவில்லை. கோப்பில் சேர்க்க என்னிடம் கொடுத்தபோதுதான் பார்த்தேன். மறு உத்தரவு வரும்வரை சோதனைச் சான்றிதழ்களில் தெய்வசிகாமணி என்பவரின் கையெழுத்தை ஏற்க இயலாது என்று இருந்தது. கீழே பத்தி எண்ணும் சரியாகக் குறித்திருந்தார்கள். கடிதத்தின் மூலையில் வரவு முத்திரையை நானே குத்தினேன். அன்றைக்குப் போகி.